பழுதுக்குத் திருப்பணி, சலிப்புக்கு அலங்காரம்

வீட்டைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்தால் போடப்படும் கணக்கு இரண்டுதான்: பணக் கணக்கு, ரசனைக் கணக்கு. மொசைக் தரையைப் பெயர்த்துவிட்டு விட்ரிஃபைடு டைல்ஸ் போடலாமா, கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங் வேண்டுமா, சமையலறையை மாடுலர் ஆக்கினால் எவ்வளவு ஆகும், எந்தச் சுவருக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று பட்டியல் நீளும். சமயம் இதில் தலைகாட்டுவது பூஜை அலமாரி எந்தத் திசை பார்க்க வேண்டும் என்ற ஒரே இடத்தில். மற்றதெல்லாம் அவரவர் வசதி, அவரவர் விருப்பம் என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் சமயம் கேட்க வேண்டிய கேள்வி அதற்கு முன்னாலேயே இருக்கிறது. உடையாத, ஒழுகாத, இன்னும் உழைக்கக்கூடிய ஒன்றை, பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்பதற்காகப் பெயர்த்தெறியலாமா? குடியிருக்கும் இடம் அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை நம்மைக் கட்டிப்போடும் பற்றா, அல்லது அதுவும் ஒரு வழிபாடா? அறம், அழகு, நிலையாமை மூன்றையும் ஒன்றாகத் தொடும் கேள்வி இது. தச்சரையும் பெயின்டரையும் கூப்பிடுவதற்கு முன் இதற்கு ஒரு விடை தேடிக்கொள்வது நல்லது.

விடை தேடச் சென்னையின் ராயப்பேட்டை தோதான இடம். சில தெருக்களுக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு மூன்று மரபுகள் மூன்று விதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வெஸ்லி ஆலயமும் வெஸ்லி பள்ளியும் இங்கே இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் தந்த ஜான் வெஸ்லி, 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணத்தின் பயன் குறித்துச் செய்த புகழ்பெற்ற பிரசங்கத்தில், நேர்மையாக ஈட்டுங்கள், சேமியுங்கள், பிறகு கொடுங்கள் என்று முப்படி நெறி ஒன்றை வகுத்தார். அதே பிரசங்கத்தில் வீட்டு அலங்காரத்தையும் பெயர் சொல்லியே கண்டித்தார். விலையுயர்ந்த மரச்சாமான், ஓவியம், பொன்பூச்சு, பயனைவிடப் பகட்டுக்காகப் போடும் தோட்டம் எல்லாமே அவர் கண்ணில் வீண். ஏழைக்குப் போய்ச் சேர வேண்டிய காசு சுவரில் ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அவருக்கு முன்பும் பின்பும் பல துறவிகள் சொன்னதுதான் இது. ஆனால் துறவிகள் வீட்டையே விடச் சொன்னார்கள், வெஸ்லி வீட்டில் இருந்துகொண்டே இதைக் கடைப்பிடிக்கச் சொன்னார். அதனால் அவர் சொல் குடும்பஸ்தருக்குக் கூடுதலாகவே உறுத்தும்.

அதே ராயப்பேட்டையில் ஆற்காடு இளவரசர் குடும்பத்தின் இல்லமான அமீர் மஹால் இருக்கிறது. அதைச் சுற்றி வாழும் இஸ்லாமியக் குடும்பங்களின் மரபு வீண்விரயத்தைக் கண்டிப்பதில் வெஸ்லிக்குச் சளைத்ததல்ல. ஊதாரித்தனத்தைக் குர்ஆன் பல இடங்களில் எச்சரிக்கிறது. ஆனால் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் வரும் ஓர் உரையாடல் இந்தக் கண்டிப்புக்கு ஓர் எல்லை கட்டுகிறது. நல்ல உடை, நல்ல செருப்பு என்று ஆசைப்படுவது பெருமையடிப்பதாகுமா என்று ஒருவர் கேட்கிறார். இறைவன் அழகை விரும்புபவன் என்று பதில் சொல்லும் நபிகள் நாயகம், உண்மையை ஏற்க மறுப்பதும் அடுத்த மனிதரைத் தாழ்வாகப் பார்ப்பதுமே பெருமை என்று பிரித்துக் காட்டுகிறார். அழகு குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடப்படுகிறது. அங்கே நிற்க வேண்டியது பிறரைத் தாழ்த்தும் மனம். வீட்டு அலங்காரத்துக்கு இதைப் பொருத்தினால், சோபா எவ்வளவு விலை என்பது இரண்டாம் கேள்வி. அதில் உட்காரத் தகுதியில்லாதவர் என்று யாரையாவது அந்த வீடு நினைக்கிறதா என்பதே முதல் கேள்வி.

மூன்றாவது குரல் ராயப்பேட்டை நெடுஞ்சாலைக்கே பெயராகிவிட்ட திரு.வி.கலியாணசுந்தரனாருடையது. வெஸ்லி பள்ளியில் படித்து, பின்னர் வெஸ்லி கல்லூரியிலேயே தமிழ் கற்பித்து, இந்தப் பேட்டையிலேயே வாழ்ந்து, இங்கிருந்த பாலசுப்பிரமணிய பக்த ஜன சபையில் ஈடுபட்டவர் அவர். 1925-ல் ‘முருகன் அல்லது அழகு’ என்ற நூலை எழுதினார். கடவுளும் அழகும் வேறுவேறல்ல என்பதே நூலின் நிலைப்பாடு. மலையிலும் காட்டிலும் கடலிலும் விளங்கும் இயற்கை அழகில் தோய்வதை இறைவழிபாடாகவே அவர் கொண்டார். இல்லறத்தையும் அவர் கீழே வைக்கவில்லை. குடும்ப வாழ்வைக் கடவுள்நெறியின் நேர்வழியாகவே பார்த்தார். காந்தியடிகளின் எளிமையைப் போற்றி ஒரு பெரிய நூல் எழுதியவரும், தொழிலாளர் சங்கம் கட்டியவரும் அவரே. எளிமையும் அழகும் முரணான இரண்டு என்று நினைப்பவருக்கு அவருடைய வாழ்க்கையே மறுப்பு. அழகைக் கடவுளாகக் கண்ட ஒருவருக்கு ஆடம்பரம் தேவைப்படவில்லை. அவர் காட்டிய அழகு கடையில் வாங்கிவந்து ஒட்டுவதன்று; வெளிச்சமும் காற்றும் பச்சையும் தடையில்லாமல் வந்து சேர்வது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பொது இடம் தெரிகிறது. அழகைப் பாவமென்று மூவரும் சொல்லவில்லை. வெஸ்லி எதிர்ப்பது பிறர் பங்கை விழுங்கும் செலவை, நபிமொழி எதிர்ப்பது பிறரைச் சிறுமைப்படுத்தும் மனத்தை, திரு.வி.க. விலகி நிற்பது இயற்கையிலிருந்து அறுபட்ட ஒப்பனையிலிருந்து. ஆக, எந்தக் காரணத்துக்காக மாற்றுகிறோம் என்பதைப் பார்க்காமல் மாற்றம் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்தக் காரணங்களை முறையாகப் பிரித்து வகைப்படுத்திய மரபு ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது வீட்டுக்காக எழுந்ததல்ல, கோயிலுக்காக எழுந்தது. ஆகமங்களில் வரும் திருப்பணி முறையைத்தான் சொல்கிறேன்.

கும்பாபிஷேகத்தை நான்காகப் பிரிப்பது சைவ மரபு. புதிதாக ஒரு கோயில் எழுப்பி மூர்த்தியை நிறுவுவது ஆவர்த்தம். ஆற்று வெள்ளம் போன்றவற்றால் சிதைந்துபோன கோயிலை மீண்டும் நிலைநிறுத்துவது அனாவர்த்தம். காலத்தால் பழுதுபட்ட கோபுரம், விமானம், பிராகாரம் ஆகியவற்றைச் செப்பனிட்டு, மூர்த்தியின் அடியில் புதிதாக மருந்து சாத்துவது புனராவர்த்தம். களவு, மரணம் போன்ற தகாதது நடந்துவிட்டால் செய்யும் தூய்மைச் சடங்கு அந்தரிதம். புனராவர்த்தத்தின் நடுவில் இருப்பது அஷ்டபந்தனம். கொம்பரக்கு, சுக்கான் கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்ற எட்டையும் சேர்த்து, இடித்து இடித்து மெழுகுபோல் இளகவைத்து, விரலால் திரியாக உருட்டி, சிலைக்கும் பீடத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் அழுத்திப் பூசுவார்கள். அது இறுகிச் சிலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும், அபிஷேக நீரையும் அடியில் இறங்க விடாது. ஆண்டுகள் போகப் போக வெடிப்பு விடும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று வழக்கமானதற்கு இந்தப் பசையின் ஆயுளும் ஒரு காரணம். வானளாவிய ஒரு விழாவின் வேர் இவ்வளவு மண்ணில் இருக்கிறது: ஒரு பொருள் தேய்ந்தது, அதை மாற்ற வேண்டியிருக்கிறது.

நான்கு வகையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் நம் வீட்டு வேலைகளில் பலவற்றுக்கு இடம் கிடைத்துவிடும். புது வீடு முதல் வகை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எத்தனையோ குடும்பங்கள் தரைமுதல் சுவர்வரை மீட்டெடுத்தது இரண்டாம் வகை. ஒழுகும் கூரை, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும் பால்கனி, பாசி பிடித்த குளியலறை ஆகியவை மூன்றாம் வகை. இந்த வகையில் கட்டடத்தின் முதுமையோடு உடலின் முதுமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுபது தாண்டிய அம்மாவுக்குப் பளபளக்கும் தரை வழுக்கும் என்றால், குளியலறையில் சொரசொரப்பான டைல்ஸும் சுவரில் ஒரு பிடிகம்பியும் சந்தேகமில்லாத திருப்பணி. நான்காம் வகையும் வீட்டுக்கு உண்டு. சாவு நடந்த அறையில் கட்டிலை இடம் மாற்றி, சுவருக்கு வேறு வண்ணம் அடித்துவிட்டுத்தான் சில குடும்பங்களால் மறுபடி அங்கே படுக்க முடிகிறது. அதை யாரும் வீண்செலவு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இன்றைய வீட்டுப் புதுப்பிப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கான காரணம் இந்த நான்கிலும் இல்லை. அதன் பெயர் சலிப்பு. பார்த்துப் பார்த்துப் போரடித்துவிட்டது, பக்கத்து ஃபிளாட்டில் புதிதாகச் செய்திருக்கிறார்கள், இது பழைய ஃபேஷன். கருவறைச் சுவர் அலுத்துவிட்டது என்பதற்காக எந்த ஆகமமும் திருப்பணி விதிக்கவில்லை.

அப்படியானால் சலிப்பு பாவமா, அதை அடக்கிக்கொண்டு ஐம்பது ஆண்டும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்கலாம். கோயில் அப்படிச் சொல்லவில்லை. மனிதக் கண் புதுமை கேட்கும் என்பது நம் ஆலய மரபுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அசையாத மூலவருக்கு அருகிலேயே ஆண்டு முழுவதும் உலா வரும் உற்சவர் இருக்கிறார். ஒருநாள் சந்தனக்காப்பு, ஒருநாள் வெண்ணெய்க்காப்பு, ஒருநாள் பூவலங்காரம். இன்றைக்கு யானை வாகனம், நாளைக்கு ரிஷபம். பங்குனியில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பத்து நாளும் ஒரே கபாலீசுவரரை ஒரே கோலத்தில் யாரும் பார்ப்பதில்லை. இத்தனை மாற்றத்துக்கும் ஒரு கல் பெயர்க்கப்படுவதில்லை. பூ வாடும், சந்தனம் களையப்படும், பட்டு மடித்துப் பெட்டிக்குள் போகும், வாகனம் மண்டபத்துக்குத் திரும்பும். சலிப்புக்கு மரபு கொடுத்த மருந்து அலங்காரம். பழுதுக்குக் கொடுத்த மருந்து திருப்பணி. இரண்டு நோயும் உண்மை, இரண்டு மருந்தும் நல்லவை. மருந்தை மாற்றிக் கொடுப்பதே நம் காலத்துப் பிழை. பழுதை வால்பேப்பர் ஒட்டி மறைக்கிறோம், சலிப்புக்குக் கடப்பாரை எடுக்கிறோம்.

வீட்டிலும் இந்த அலங்கார மரபு நமக்குப் புதிதல்ல. நவராத்திரிக்குக் கூடத்தின் சாமான்கள் ஒதுங்கிக் கொலுப்படிக்கு இடம்விடும்; ஒன்பது நாள் அது வேறொரு வீடு. பொங்கலுக்கு வெள்ளையடிப்பு, தினமும் காலையில் அழிந்து எழும் கோலம், ரமலானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன் வண்ணம் பூசி விளக்கு மாட்டும் வழக்கம் எல்லாம் இந்த வகையே. சுவரை இடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்ற நிலையில் ராயப்பேட்டைச் சந்துகளில் போர்ஷன் எடுத்து வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இது கைக்கெட்டும். இன்றைய வீட்டில் திரைச்சீலையின் துணி, விளக்கின் வெளிச்சம், சுவரின் நிறம், சாமான்களின் இருப்பிடம், தொட்டிச் செடி ஆகியவை உற்சவர் தரப்பு. தரை, கூரை, சன்னல், நிலைக்கதவு ஆகியவை மூலவர் தரப்பு. முதல் தரப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கண்ணுக்கு வெள்ளைக் குழல்விளக்கு உறுத்துகிறதென்றால் இரண்டு மஞ்சள் விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிட்டாலே கூடத்தின் முகம் மாறிவிடும். இரண்டாம் தரப்பைத் தொட வேண்டுமானால் பழுது என்ற சாட்சி வேண்டும்.

இந்தப் பாகுபாட்டை வைத்துப் பார்த்தால் நாகரிகம் என்று நடக்கும் பல வேலைகளின் குறை தெரிந்துவிடும். பழைய வீட்டுச் சிவப்புத் தரையை எடுத்துக்கொள்ளுங்கள். சிமென்ட்டில் சிவப்பு ஆக்சைடு பொடி கலந்து, கரணையால் திரும்பத் திரும்பத் தேய்த்து வழவழப்பாக்கி, தண்ணீர் கட்டி இறுகவிட்டு உண்டாக்கிய தரை அது. அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார்கள். வெறுங்கால்கள் நடக்க நடக்க அது மெருகேறும். முப்பதாம் ஆண்டில் முதலாண்டைவிட அழகாக இருக்கும். பின்னால் வந்த மொசைக்கும் மெஷின் பாலிஷ் போட்டால் புத்துயிர் பெறும். கண்ணாடிபோல் மின்னும் டைல்ஸுக்கோ போட்ட நாள்தான் உச்சம், பிறகு ஒவ்வொரு கீறலும் குறைதான். பயன்படுத்தப் பயன்படுத்தத் தேறும் பொருளும், பயன்பாட்டுக்கே அஞ்சும் பொருளும் வேறுவேறு மனநிலையை வளர்க்கின்றன. முன்னதோடு வாழ்பவர் காலத்தோடு சமாதானமாக இருக்கிறார். பின்னதோடு வாழ்பவர் எப்போதும் புதிதாகவே இருக்க வேண்டும் என்று காலத்தோடு மல்லுக்கட்டுகிறார். ஃபால்ஸ் சீலிங்கும் கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியும் இதே கதைதான். மெரினாவிலிருந்து பிற்பகலில் இறங்கும் கடற்காற்று ராயப்பேட்டை வரை இலவசமாக வருகிறது. அதை அடைத்துவிட்டு, கூரை உயரத்தையும் குறைத்துக்கொண்டு, ஏசி மாட்டிக்கொள்ளும் வீட்டில் திரு.வி.க. சொன்ன அழகுக்கு நுழைய வழி இல்லை.

திருப்பணி என்ற பெயரே ஒரு வேலையைச் சரியாக்கிவிடாது என்பதையும் கோயில்களே காட்டியிருக்கின்றன. கருங்கல்லைப் பளிச்சென்று ஆக்க ஒரு காலத்தில் பல கோயில்களில் மணல்வீச்சு முறையைக் கையாண்டார்கள். அழுக்கோடு சேர்ந்து சிற்பங்களின் நுட்பமும் கல்வெட்டு எழுத்துகளும் தேய்ந்தன. அறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே தடை வந்தது. வீடுகளிலும் அதே தவறு நடக்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர்பெற்ற பழைய கூரை, தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்பில் நிமிர்த்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, தட்டோடு பதித்து முடிப்பது. சுண்ணாம்புச் சுவரும் இந்தக் கூரையும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் தன்மை கொண்டவை. அவற்றின்மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் ஏற்றினால் ஈரம் உள்ளேயே சிக்கி, காரை உப்பி உதிரும். பிறகு பழைய வீடே சரியில்லை என்று தீர்ப்பாகிவிடும். பழையதை அறிந்து தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமீர் மஹாலே சான்று. 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகங்களுக்காக எழுந்த கட்டடம் அது. சேப்பாக்கம் அரண்மனை கைவிட்டுப் போன ஆற்காடு நவாப் குடும்பத்துக்காகக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் அதை மாளிகையாக மாற்றியமைத்தார்; 1876-ல் குடும்பம் குடியேறியது. கட்டடத்தின் வேலை முற்றிலும் மாறியது, கட்டடம் நின்றது.

இதற்கெல்லாம் துறவுநெறியிலிருந்து ஒரு மறுப்பு வரும். உடம்பே நில்லாது என்னும்போது சுவரின் நிறத்துக்கு ஏன் இவ்வளவு விசாரம், அழியப்போவதைப் பழுதுபார்ப்பதும் அலங்கரிப்பதும் ஒரே மயக்கத்தின் இரண்டு முகங்கள்தானே? நிலையாமையை மரபு மறுக்கவில்லை. பன்னிரண்டாண்டுக் கணக்கே நிலையாமையை ஒப்புக்கொண்ட கணக்குத்தான். நில்லாது என்று தெரிந்ததால்தான் பராமரிப்பு கடமையானது. ராயப்பேட்டையிலேயே இருக்கும் கௌடீய மடத்தின் வைணவ மரபு இதற்கு யுக்த வைராக்கியம் என்ற கருத்தை முன்வைக்கிறது. பொருளைத் தூக்கி எறிவது மட்டும் துறவாகாது. தனது என்ற எண்ணத்தை விட்டு, உயர்ந்த பணிக்கு அதைப் பயன்படுத்துவதும் துறவே என்பது அதன் பொருள். அந்த மடங்களை நிறுவிய பக்திசித்தாந்த சரஸ்வதி, அச்சகத்தையும் மோட்டார் வாகனத்தையும் தயங்காமல் சமயப் பணிக்குப் பயன்படுத்திய துறவி. இல்லறத்தானுக்கு வீடு அப்படிப்பட்ட கருவி. கருவியைத் துருப்பிடிக்க விடுவது வைராக்கியம் ஆகாது, அலட்சியமே.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு. ஜப்பானின் இசே ஆலயத்தை, பழுதுபட்டாலும் படாவிட்டாலும் இருபதாண்டுக்கு ஒருமுறை முழுவதுமாகப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013-ல் நடந்தது 62-ஆவது முறை. நம் போகியும் பழையதைக் கழிக்கத்தானே சொல்கிறது? இசேயில் பழைய ஆலயத்தின் மரங்கள் குப்பைக்குப் போவதில்லை. நாட்டின் மற்ற ஆலயங்களுக்குப் பயன்படுகின்றன. பக்கத்து மனையில் புதியது எழும்போது மூத்த தச்சரிடமிருந்து இளைய தச்சருக்கு வித்தை கைமாறுகிறது. எப்போது மாற்றுவது என்பதை யாருடைய சலிப்பும் தீர்மானிப்பதில்லை, நாள்காட்டி தீர்மானிக்கிறது. போகியைப் பொறுத்தவரை, அன்று எல்லோரும் உச்சரிக்கும் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்ற தொடர் நன்னூலில் பவணந்தியார் மொழிக்குச் சொன்ன இலக்கணம். காலப்போக்கில் வழக்கு மாறுவது குற்றமாகாது என்று அவர் அனுமதி தருகிறார். பழையதையெல்லாம் கொளுத்து என்று கட்டளையிடவில்லை. 2018 போகியன்று காலை புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட நேர்ந்தது. டயரையும் ரெக்சினையும் கொளுத்துவதில் கழிந்தது பழமை அல்ல, மூச்சுக்காற்று.

வாஸ்து வழியே வரும் வாதம் இன்னும் பரவலானது. பழுதே இல்லாவிட்டாலும் திசை தவறென்றால் இடித்து மாற்றத்தானே வேண்டும் என்பார்கள். மரபை மதிப்பவர் அந்த நூல்களையே கேட்கட்டும். அவை முதலில் பேசுவது மண்ணைப் பற்றி. குழி தோண்டி, எடுத்த மண்ணை அதே குழியில் திரும்பக் கொட்டினால் மிஞ்சுகிறதா, குறைகிறதா என்று பார்க்கச் சொல்கின்றன. நீர் ஓடும் சரிவு, நிலத்தின் நிறம், மணம் எல்லாம் சோதிக்கச் சொல்கின்றன. நான்காம் மாடி ஃபிளாட்டுக்குத் தோண்ட மண்ணே இல்லை. கீழே ஒருவர், மேலே ஒருவர், நடுவில் நம் அடுப்பு. மனைக்காக எழுந்த விதியை மாடிக்கு இழுத்துவந்து, உறுதியான சுவரை இடிப்பது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அந்த நூல்களிலிருந்து ஃபிளாட்டுக்கும் பொருந்தக்கூடிய ஒன்று உண்டு: நடுவிடத்தை, பிரம்மஸ்தானத்தை, பாரம் ஏற்றாமல் விட்டுவைப்பது. பழைய வீடுகளில் அது முற்றமாக வானம் பார்த்தது. இன்றைய கூடத்தின் நடுவிலிருந்து டீப்பாயையும் அலங்கார மேசையையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத் தரையை வெறுமையாக விட்டால், குழந்தை தவழ, நாலுபேர் பாய் விரித்து உட்கார இடம் உண்டாகும். காசில்லாமல் கிடைக்கும் வாஸ்து அது. ஒரு செங்கல்லும் உடைய வேண்டியதில்லை.

கடைசி மறுப்பு தத்துவம் பேசாது. என் வீடு, என் காசு, உனக்கென்ன என்று கேட்கும். சட்டப்படி சரி. ஆனால் பெயர்த்த டைல்ஸும் உடைத்த சுவரும் லாரியேறி ஊரின் ஏதோ ஓர் ஓரத்துக்கு, பல சமயம் ஏதோ ஒரு நீர்நிலையின் கரைக்குப் போய்ச் சேர்கின்றன. கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்றே 2016-ல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவரும் அளவுக்கு அது பெருகியது. வீட்டுக்குள்ளேயும் முடிவெடுக்கும் ஒருவருக்கு அப்பால் பலர் இருக்கிறார்கள். திருக்குறளின் 133 அதிகாரங்களில் நாட்டின் அரண் எப்படி அமைய வேண்டும் என்று ஓர் அதிகாரம் உண்டு, வீடு எப்படி அமைய வேண்டும் என்று ஒன்றுகூடக் கிடையாது. இருப்பது இல்வாழ்க்கையும் விருந்தோம்பலும். முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம் ஆகிய நால்வருக்கும் பிறகே தன்னைக் கடைசியாக நிறுத்துகிறது வள்ளுவரின் கடமை வரிசை. புதுப்பித்த வீட்டைச் சோதிக்க இந்த வரிசை போதும். தாத்தாவின் சாய்வு நாற்காலிக்குப் புதிய கூடத்தில் இடம் இருக்கிறதா? முன்னறிவிப்பின்றி வந்தவர் கறை பட்டுவிடுமோ என்று அஞ்சாமல் உட்கார முடிகிறதா? வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி காபி குடிக்க ஒரு நாற்காலி உண்டா, இல்லை மாடுலர் சமையலறையில் நின்றுகொண்டேதான் குடிக்க வேண்டுமா? நபிமொழி பிரித்துக் காட்டிய பெருமையும் வெஸ்லி அஞ்சிய வீணும் நுழையும் இடங்கள் இவை.

ஆகவே வீட்டை மாற்றலாமா என்ற கேள்விக்கு என் விடை: மாற்றலாம், காரணத்தை முதலில் பெயர் சொல்லி எழுதிவிட்டு. பழுது, முதுமை, துக்கம், வெள்ளம் என்று அது இருந்தால் தயங்காமல் கடன் வாங்கியாவது திருப்பணி செய்யலாம். சலிப்பு என்று இருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. நாளை திரும்ப எடுக்கக்கூடிய அலங்காரத்தோடு அதை முடித்துக்கொள்ளலாம். திருப்பணியே என்றாலும் கோயில் நடைமுறையில் இன்னும் இரண்டு பாடம் உண்டு. சுத்தியல் விழுவதற்கு முன் பாலாலயம் செய்து, மூர்த்தியின் ஆற்றலைத் தற்காலிகமான ஓர் இடத்துக்கு மாற்றி, வேலை நடக்கும் நாளெல்லாம் அங்கே பூஜையைத் தொடர்கிறார்கள். அதுபோல, இந்த வீட்டின் உயிர் எதில் இருக்கிறது, யாருடைய எந்தப் பழக்கத்தில் இருக்கிறது என்று கண்டு அதைக் காப்பாற்றிவிட்டே உடைப்பைத் தொடங்க வேண்டும். கும்பாபிஷேகம் முடிந்த மறுநாளே கடமை தீர்ந்ததென்று யாரும் கலைவதில்லை; 48 நாள் மண்டலாபிஷேகம் நடக்கிறது. புதுப்பிக்கும் பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கையாவது அடுத்தடுத்த ஆண்டுகளின் பராமரிப்புக்கென்று எடுத்துவைக்காத வீடு, சில ஆண்டுகளில் மறுபடி பழசாகி, மறுபடி சலித்து, மறுபடி கடப்பாரை கேட்கும். பராமரிக்க மனமில்லாதவருக்குப் புதுப்பிக்கும் உரிமை இருக்கலாம், அதற்கான காரணம் இருக்காது.